சோப்புக்குள் ஒரு சாட்சி

பொதுக் கழிப்பறைக்குப் போனால் கை கழுவிவிட்டுத்தான் வருவீர்களா? 2010-இல் அமெரிக்கர்களிடம் தொலைபேசியில் இப்படிக் கேட்டார்கள். 96 சதவீதம் பேர் ‘எப்போதும்’ என்றார்கள். அதே ஆய்வுக்காக நியூயார்க்கின் பென் ரயில் நிலையம், அட்லாண்டாவின் டர்னர் பீல்டு விளையாட்டரங்கம் முதலான இடங்களின் கழிப்பறைகளில் ஆட்கள் தலை வாருவதுபோல நின்று நோட்டமிட்டார்கள். கழுவியவர்கள் 85 சதவீதம்தான்.

அந்த 85-ஐயும் அப்படியே நம்ப முடியாது. பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறாரே!

ஆள் நின்றால் உடம்பே மாறிவிடுகிறது. 1976-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பல்கலைக்கழகக் கழிப்பறையில் புத்தகக் குவியலுக்குள் பெரிஸ்கோப்பை ஒளித்துவைத்து ஆண்களைக் கவனித்தார்கள். தனியாக நின்றவருக்குச் சிறுநீர் வர சராசரியாக 4.9 விநாடி, ஒட்டி இன்னொருவர் நின்றபோது 8.4 விநாடி. அந்தரங்கத்தில் எட்டிப் பார்த்ததற்காக மறு ஆண்டே கண்டனம் வந்தது. நியாயமான கண்டனம்தான்.

கண்ணுக்குப் பதில் கருவி வந்தது அதற்கப்புறம். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில், கழிப்பறை வாசலில் ஒரு சென்சாரும் சோப்புப் பெட்டியில் இன்னொன்றும் பொருத்தினார்கள். உள்ளே போனவர் எத்தனை, சோப்பு எடுத்தது எத்தனை முறை என்ற கணக்கு மட்டும். யார் முகமும் பதிவாகாது. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வந்துபோனதில், சோப்பைத் தொட்டவர்கள் பெண்களில் மூன்றில் இரண்டு பங்கு, ஆண்களில் மூன்றில் ஒரு பங்கு. வாசலில் மின்பலகையில் வாசகங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டும் பார்த்தார்கள். மொத்தத்தில் அதிகம் பலித்தது, ‘பக்கத்தில் இருப்பவர் சோப்புப் போட்டுக் கழுவுகிறாரா?’ என்ற கேள்வி. கணக்கைக் கெடுத்த அந்தப் பக்கத்து ஆளே இங்கே கை கழுவ வைத்துவிட்டார்.

வங்கதேசக் கிராமங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அசைவை உணரும் சென்சாரைச் சோப்புக் கட்டிக்குள்ளேயே புதைத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து ஆய்வுக்குழுவினர் நோட்டும் கையுமாக வந்து ஐந்து மணி நேரம் உட்கார்ந்தார்கள். அன்றைக்குச் சோப்பு அசைந்தது வழக்கத்தைவிட 35 சதவீதம் அதிகம். 2010-இல் வெளியான இந்த முடிவு, நேரில் பார்த்து எழுதிய பழைய புள்ளிவிவரங்கள் மீதெல்லாம் சந்தேகத்தைக் கிளப்பியது.

ஆனால் சோப்பு அசைந்தது மலம் கழித்த பிறகா, குழந்தையைக் குளிப்பாட்டவா, துணிக்குப் போடவா என்று சென்சாருக்குத் தெரியாது. அதற்கு மறுபடியும் யாராவது நோட்டோடு போய் உட்கார வேண்டியிருக்கிறது.