பழைய குடும்பப் படத்தில் இருப்பவர் யார்? முகத்தைவிட அட்டையின் பின்பக்கம் அதிகம் சொல்லும்

பட்டர்வொர்த் வட்டாரத்தில் பல வீட்டு அலமாரிகளில் இப்படி ஒரு படம் இருக்கும். கோட்டு போட்ட ஒருவர், பக்கத்தில் நாற்காலி, பின்னால் வரைந்த திரை. "இது யாரு?" என்று கேட்டால் ஒருவர் "கொள்ளுத்தாத்தா" என்பார். இன்னொருவர் "இல்ல, அவரோட தம்பி" என்பார். விவரம் தெரிந்த பாட்டியும் போய்விட்டால், அதோடு அந்தப் பெயரும் போய்விடும்.

முதலில் படத்தைத் திருப்பிப் பாருங்க. ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீங்க. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெதுவாக எடுக்கலாம்.

பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் நாட்டின் பெயரைக் கவனியுங்க. பினாங்கும் பட்டர்வொர்த்தும் 1946 ஏப்ரல் 1 வரை ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸைச் சேர்ந்தவை. 'மலாயா கூட்டரசு' என்றிருந்தால் 1948-க்கும் 1963-க்கும் இடைப்பட்ட காலம். 'மலேசியா' என்றால் 1963 செப்டம்பர் 16-க்குப் பிந்தையது. ஸ்டூடியோக்காரர் பழைய முத்திரையைச் சும்மா தூக்கிப் போட்டிருக்க மாட்டார், அதனால் இரண்டொரு வருஷம் முன்பின் இருக்கலாம். வெளிப்புறப் படத்தில் கடலுக்கு அப்பால் கொம்தார் கோபுரம் தெரிந்தால் வேலை சுலபம். அதன் கட்டுமானம் தொடங்கியதே 1974-ல்தான்.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முத்திரை சொல்வது அந்தப் பிரதி அச்சான காலத்தை. படம் எடுத்த காலம் அதற்கு முந்தையதாக இருக்கலாம். நம் வீடுகளில் ஒருவர் இறந்ததும், மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும் என்று, கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுப்பது வழக்கம். சில நேரம் கோட்டையும் டையையும் ஓவியர் வரைந்து சேர்த்திருப்பார். ஸ்டூடியோவில் இரவல் கொடுத்த கோட்டும் உண்டு. ஆக, கோட்டைப் பார்த்து "பெரிய உத்தியோகம்" என்று முடிவு கட்ட முடியாது.

1890-ல் பிறந்த கொள்ளுத்தாத்தா, 'மலாயா கூட்டரசு' முத்திரை உள்ள படத்தில் முப்பது வயசுக்காரராகத் தெரிகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, அது பிரதி. இல்லையென்றால், அது அவர் மகன். படத்தில் விரிசல் தெரியுது, தடவினால் வழவழன்னு இருக்குதா? அப்படியானால் பழைய படத்தை மறுபடி படம் பிடித்திருக்கிறார்கள்.

ஆளை உறுதி செய்ய 1948-ல் அறிமுகமான அடையாள அட்டைகளின் படம் உதவும். வயசானால் கன்னம் ஒட்டிப்போகும், முடி கொட்டும். காதின் மடிப்புகள் அவ்வளவாக மாறாது. ஒப்பிடும்போது ஸ்கேன் செய்த அசல் படத்தையே வைத்துக்கொள்ளுங்க. முகத்தைத் 'தெளிவாக்கும்' செயலிகள் இல்லாத கண்ணையும் மூக்கையும் கற்பனையாக வரைந்துவிடும்.

பெரியவர்களிடம் "இது தாத்தாதானே?" என்று கேட்காதீங்க. ஆமாம் என்றுதான் பதில் வரும். "இது யாரு பாட்டி?" என்று மட்டும் கேட்டு, பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்க. இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்பது நல்லது. பிறகு படத்தின் பின்னால் பென்சிலால் மெல்ல எழுதுங்க: பெயர், சொன்னவர் யார், சொன்ன தேதி. சந்தேகம் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.