கூதிர்கால ஒளி

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்படும். சென்னை மாநகரில் இக்காலத்தைப் பற்றி வினவின், மழை, சேறு, வெள்ளம் என்பவற்றையே பலரும் கூறுவர். 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைக் கண்ட நகருக்கு இவ்வச்சம் இயல்பே. எனினும், ஓராண்டில் அந்நகருக்கு வாய்க்கும் ஒளியுள் அழகு மிக்கது கூதிர்காலத்து ஒளியே ஆகும்.

இவ்வழகிற்குக் காரணம் இரண்டு. முதலாவது, ஞாயிற்றின் சாய்வு. சித்திரைத் திங்களில் நண்பகல் ஞாயிறு சென்னையில் ஏறக்குறையத் தலைக்கு நேரே நின்று காய்கிறது. நிழல் காலடியில் ஒடுங்குகிறது. பொருள்கள் யாவும் வெளிறித் தோன்றுகின்றன. ஐப்பசியிலோ ஞாயிறு தென்பால் ஒதுங்குகிறது. நவம்பர்த் திங்களின் இடையில், உச்சிப்பொழுதிலும் அது அடிவானிலிருந்து 60 பாகை உயரத்தை எட்டுவதில்லை. ஆதலின் ஒளி சாய்ந்து விழுகிறது, நிழல் நீள்கிறது, பொருள்களின் வடிவம் நன்கு புலப்படுகிறது.

இரண்டாவது காரணம் மழை. புழுதியும் புகையும் காற்றில் மிதந்து வானின் நீலத்தை மங்கச் செய்வன. வடகிழக்குப் பருவமழை அவற்றைக் கழுவி நிலத்தில் சேர்க்கிறது. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்யும் இயல்பின. மாசு நீங்கிய வானில் அந்நீலம் தெளிவாக விளங்குகிறது. ஞாயிறு அடிவானை அடுத்திருக்கும்போதோ, அதன் ஒளி நெடுந்தொலைவு காற்றினூடே வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போகச் செம்மையும் பொன்மையும் எஞ்சுகின்றன.

மழை ஓய்ந்த காலையில் மெரினாக் கடற்கரைக்குச் செல்வோர் இவ்விரண்டின் பயனையும் காணலாம். கடலினின்று எழும் கதிர்கள், 1870-இல் எழுந்த மாநிலக் கல்லூரியின் சிவந்த முகப்பில் நேரே படுகின்றன. ஈர மணலில் வானமும் தோன்றுகிறது. அக்கல்லூரியில் பயின்று 1907-இல் முதுகலைப் பட்டம் பெற்றவர் சர் சி. வி. இராமன். 1921-இல் கப்பற்பயணத்தின்போது நடுநிலக் கடலின் நீலத்தைக் கண்டு அவர் வியந்தார். வியப்போடு நில்லாது ஆராய்ந்தார். கடலின் நீலம் வானத்தின் எதிரொளி மட்டுமன்று; நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று காட்டினார். ஒளிச்சிதறல் பற்றிய அவருடைய ஆய்வுகள் 1930-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தன.

மாலைக் காட்சி வேறு வகையது. கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு. எல் என்பது ஞாயிறு. பாடு என்பது சாய்தல். சென்னையில் ஞாயிறு கடலில் மறைவதில்லை. மேற்கே கட்டடங்களுக்குப் பின் மறைகிறது. அதனால் மாலையில் கீழ்வானில் காண்பதற்கு ஒன்றுமில்லை என்று பலர் எழுந்து போய்விடுகின்றனர். சிறிது நேரம் பொறுத்திருப்போர் அரியதொரு காட்சியைக் காண்பர். கடலின் மேலே சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று மெல்ல எழும். அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை தோன்றும். கீழே எழும் அந்நீலப் பட்டை யாது? நாம் வாழும் நிலவுலகின் நிழலே அது! வானம் தெளிந்திருந்தால்தான் இக்காட்சி நன்கு புலப்படும்.

இவ்வொளியை நுகர்தற்குப் பொருள் வேண்டா. நொச்சிக்குப்பத்துக் கரையில் வலை உலர்த்துவோர்க்கும், மாளிகையில் வாழ்வோர்க்கும் இது பொதுவே. ஆயினும், மழை கழுவிய வானை ஊர்திகளின் புகை நாள்தோறும் மாசுபடுத்துகிறது. ஐப்பசியில் வரும் தீபாவளி நாளில் வெடிப்புகை அதனை மேலும் மூடுகிறது. அப்புகை கண்ணுக்கு இனிய காட்சியை மறைப்பதோடு, உயிர்ப்புக்கு வேண்டிய காற்றையும் கெடுக்கிறது. வானின் தெளிவைக் காத்தல் அழகையும் உடல்நலத்தையும் ஒருங்கே காத்தலாகும். மழை விட்ட மாலையில் ஒரு நாழிகை கடற்கரையில் அமர்ந்து கீழ்வானை நோக்கியவர், அத்தெளிவின் அருமையைத் தாமே உணர்வர்.