புற்றுக் காளானும் நச்சுக் காளானும்

மழை ஓய்ந்த மறுநாள் காலையில் வரப்போரத்திலும் புற்றடியிலும் வெள்ளை வெளேரென்று காளான் பூத்திருப்பதைக் காண்கிறோம். சிறுவர்கள் மடி நிறையப் பறித்து வருவார்கள். அன்று வீட்டில் காளான் குழம்புதான். ஆனால் பறித்து வந்தவை அனைத்தும் உண்ணத் தகுந்தவைதானா என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

காளான் செடியல்ல, பூசண வகையைச் சேர்ந்தது. பச்சையம் இல்லாததால் தன் உணவைத் தானே தயாரிக்க இயலாது. வைக்கோல், மட்கிய மரம், சாணம் போன்றவற்றில் நூல் நூலாகப் பரவி உணவை உறிஞ்சுகிறது. நாம் பறிக்கும் குடை, அந்த நூல்கள் காய்த்த காய் என்று சொல்லலாம்.

புற்றுக் காளானைப் பயிரிடுவது கரையான்! தின்ற இலை தழைகளைக் கொண்டு புற்றுக்குள் தேன்கூடு போன்ற அடைகளைக் கட்டி, அவற்றில் பூசணத்தை வளர்த்து உண்கிறது. மழை ஈரம் இறங்கியதும் அங்கிருந்தே காளான் முளைக்கிறது. ஆகவே அதன் தண்டு வேர்போல் புற்றுவரை நீண்டிருக்கும். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்கள். முளைக்கச் செய்வது மழை ஈரமே.

நச்சுக் காளான்

வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி தின்றிருந்தால் நல்லது, மஞ்சள் சேர்த்து வேகவைத்தால் நஞ்சு முறியும் என்பவை தவறான நம்பிக்கைகள். கொடிய காளான்களின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. புல்தரையில் முளைக்கும் ஒரு வெள்ளைக் காளானின் அடி மடிப்புகள் முற்றிய பிறகே பச்சையாகும். இளசாக இருக்கையில் நல்ல காளான் போலவே தோன்றும். உண்டால் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகும்.

உயிரைப் பறிக்கும் வகைகளை உண்டால் 6 மணி நேரத்திற்குப் பிறகே வாந்தி தொடங்கும். பின்னர் குணமானது போலத் தோன்றினாலும் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். எனவே சந்தேகம் எழுந்தால் கைவைத்தியம் பார்த்துக் காத்திராமல், உண்டவர் அனைவரும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மீதமுள்ள காளானையும் எடுத்துச் செல்லவும். அனுபவமுள்ளவர் உறுதியாக அடையாளம் சொல்லாத காளானை அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

வீட்டிலேயே வளர்க்கலாம்

காளான் ஆசைக்குச் சிப்பிக் காளான் நல்ல வழி. வைக்கோலை விரல் நீளத்திற்கும் குறைவாக நறுக்கி, 5 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வெந்நீரில் வேகவைக்கவும். பிழிந்தால் நீர் சொட்டாத பதத்திற்கு நிழலில் உலர்த்தவும். பாலிதீன் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, காளான் வித்து ஓர் அடுக்கு என மாற்றி மாற்றி நிரப்பிக் கட்டி, பக்கங்களில் இரண்டு சிறு துளைகள் இடவும். நிழலான குடிசையில் தொங்கவிட்டால் 15 முதல் 20 நாளில் பை முழுதும் வெண்மையாகும். பிறகு பையைக் கிழித்து, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் சுமார் ஒரு வாரத்தில் முதல் அறுவடை கிடைக்கும். அதே பையில் மூன்று முறை பறிக்கலாம். வித்தை மட்டும் வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற நம்பகமான இடத்தில் வாங்குங்கள்.

அறுவடை முடிந்த வைக்கோல் எருக்குழிக்கு உதவும். பிள்ளைகள் காட்டுக் காளானைத் தேடி அலையவும் வேண்டியதில்லை.