கோல் போடாதவரின் கடல் கடந்த பயணம்

மாத்தளை, உக்குவளை, வரக்காமுறை, மஹவெல என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகளின் கால்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மைதானம் இல்லாத இடத்தில் வெட்டவெளி போதும். கோல் கம்பம் இல்லாவிட்டால் இரண்டு செருப்புகள் போதும். அந்தப் பிள்ளைகளிடம் "யாரைப் போல வர ஆசை?" என்று கேட்டுப் பாருங்கள். மெஸ்ஸி, ரொனால்டோ, முஹம்மத் ஸலாஹ் என்று கோல் போடுகிறவர்களின் பெயர்களே வரும். கோல் விழாமல் தடுக்கிறவரின் பெயரைச் சொல்லும் பிள்ளை அரிதிலும் அரிது.

ஆனால், உதைபந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்டு கடல் கடந்து சென்று, பல இலட்சம் ரசிகர்களின் நாவில் தம் பெயரைப் பதித்த நம் நாட்டு முஸ்லிம் ஒருவர், கோல் போடும் முன்வரிசையில் நின்றவர் அல்லர். அவர் பின்வரிசை வீரர். பெயர் நிஸாம் பக்கீர் அலி. இன்றைய நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாமல் இருக்கலாம். 1980களில் டாக்கா நகரில் வாழ்ந்த ஒரு ரிக்ஷாக்காரரிடம் கேட்டிருந்தால், அவர் சரளமாகப் பதில் சொல்லியிருப்பார்.

டாக்கா அழைத்தது

அக்காலத்தில் இலங்கையில் உதைபந்தாட்டம் வயிற்றுப்பாட்டுக்கான தொழிலாக இருக்கவில்லை. திறமைசாலிகள் பொலிஸ், இராணுவம், கடற்படை, புகையிரதத் திணைக்களம், துறைமுகம் போன்ற இடங்களில் வேலை பெற்று, அந்த வேலையின் நிழலில் ஆடினார்கள். மாதச் சம்பளம் கிடைத்தது வேலைக்காக, ஆட்டத்துக்காக அல்ல.

பங்களாதேஷின் நிலை வேறு. 1971இல் விடுதலை பெற்ற அந்த ஏழை நாட்டில் உதைபந்தாட்டமே மக்களின் பெரும் பொழுதுபோக்காக இருந்தது. 1972இல் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் மூத்த மகன் ஷேக் கமால் தொடங்கிய ஆபாஹனி கழகமும், பழம்பெரும் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகமும் மோதும் நாளில் டாக்கா நகரமே இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம். இப்படிப்பட்ட கழகங்கள் வெளிநாட்டு வீரர்களைச் சம்பளம் கொடுத்து வரவழைத்தன. அந்த வகையில் ஆபாஹனியின் சட்டையை அணிந்தவர்தாம் பக்கீர் அலி. அதே கழகத்தின் முன்வரிசையில் பிரேம்லால் என்ற இன்னொரு இலங்கையரும் ஆடினார். 1983, 1984, 1985 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து டாக்கா லீக் சம்பியன் பட்டத்தை ஆபாஹனி வென்றது. அந்தப் பொற்காலத்தை நினைவுகூரும் டாக்கா ரசிகர்கள் இவ்விரு இலங்கையரையும் மறப்பதில்லை.

அந்தப் புகழ் மலர்ப் பாதையில் வந்ததல்ல. 1982 செப்டம்பரில் ஆபாஹனிக்கும் முஹம்மதனுக்கும் இடையிலான ஆட்டம் ஒன்று கலவரத்தில் முடிந்தது. நாடு அப்போது இராணுவச் சட்டத்தின் கீழ் இருந்தது. ஸலாஹுத்தீன், சுன்னு, அன்வர், ஹெலால் என்ற ஆபாஹனியின் நான்கு முன்னணி வீரர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டு, பின்னரே விடுவிக்கப்பட்டார்கள். சொந்த நாட்டு வீரர்களுக்கே இந்தக் கதி என்றால், பிறநாட்டிலிருந்து வந்து ஆடுகிறவரின் நெஞ்சு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

போட்டியும் கடுமையானது. 1986 உலகக் கிண்ணத்தில் ஈராக்குக்காக ஆடிய ஸமீர் ஷாகிர், கரீம் முஹம்மத் அல்லாவி போன்றோரையே அடுத்த ஆண்டில் ஆபாஹனி அழைத்து வந்தது. வெளிநாட்டவருக்கு ஓர் அணியில் சில இடங்களே உண்டு. அந்த இடத்தைத் தக்கவைத்துக்கொள்வது, ஒவ்வொரு வாரமும் புதிதாக நேர்முகப் பரீட்சைக்குப் போவது போன்றதுதான்.

நன்றி கிடைக்காத வேலை

பின்வரிசை வீரரின் வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். முன்வரிசை வீரர் எட்டுத் தடவை தவறவிட்டு ஒன்பதாவது தடவை கோல் போட்டால் அன்றைய கதாநாயகன் அவரே. பின்வரிசை வீரர் எட்டுத் தடவை தடுத்து ஒன்பதாவது தடவை வழுக்கி விழுந்தால் அன்றைய தோல்விக்குக் காரணம் அவரே. வீட்டில் தாய் செய்யும் வேலையும் இத்தகையதுதானே? நேரத்துக்குச் சோறு இருக்கும் வரை யாரும் பேசுவதில்லை. ஒருநாள் உப்புக் கூடினால் எல்லோரும் பேசுகிறார்கள்.

இதனால் வெளிநாட்டு வாய்ப்புத் தேடும் பின்வரிசை வீரருக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. முன்வரிசை வீரர் தாம் போட்ட கோல்களின் எண்ணிக்கையைக் காட்டலாம். தடுத்தவரிடம் காட்ட எண்ணிக்கை இல்லை. கண்ணால் பார்த்தவர்தான் அவரை அறிவார். தேசிய அணி வெளிநாட்டு அணிகளுடன் மோதும்போதுதான் அந்தக் கண்கள் அவர் மீது விழுகின்றன. 2023 ஜனவரியில் சர்வதேச சம்மேளனமான ஃபீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் மாத இறுதியில்தான் தடை நீங்கியது. நிர்வாகத்தில் நடந்த குழப்பத்துக்கு ஏழு மாதங்களை விலையாகக் கொடுத்தவர்கள், கதிரையில் இருந்தவர்கள் அல்லர். மைதானத்தில் வியர்வை சிந்திய இளைஞர்களே. முப்பத்தைந்து வயதோடு முடிந்துவிடும் தொழிலில் ஏழு மாதம் சிறிய காலமல்ல.

தொழிலின் நுணுக்கமும் மாறிவிட்டது. 1992ஆம் ஆண்டு வரை, நெருக்கடி வந்தால் பின்வரிசை வீரர் பந்தைத் தம் கோல்காப்பாளரிடம் தட்டிவிடுவார். அவர் கையால் எடுத்துக்கொள்வார். அவ்வாண்டில் வந்த விதி, சகவீரர் வேண்டுமென்று காலால் தட்டிய பந்தைக் கோல்காப்பாளர் கையால் தொடுவதைத் தடுத்தது. அன்று முதல் பலசாலியாக இருப்பது மட்டும் போதாது. பதற்றமின்றிப் பந்தைக் கட்டுப்படுத்தி, சரியான ஆளுக்குக் கொடுக்கத் தெரிந்தவரே பின்வரிசையில் நிலைக்க முடிகிறது. நம் பயிற்றுவிப்பாளர்கள், ஓடத் தெரியாத பருத்த பையனைப் பின்னால் நிறுத்தும் பழக்கத்தைக் கைவிட இதுவே போதிய காரணம்.

கால் ஓய்ந்த பின்னர்

ஆடும் காலம் முடிந்ததும் பல வீரர்களின் கதையும் முடிந்துவிடுகிறது. பக்கீர் அலியின் கதை அங்கே முடியவில்லை. வீரராகப் பெயர் பெற்ற அதே பங்களாதேஷில் அவர் பயிற்றுவிப்பாளராகவும் பணியாற்றினார். 2018இல் இலங்கைத் தேசிய அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி நில்பாமாரி நகரில் பங்களாதேஷ் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 1–0 என இலங்கை வென்றது. கோலைப் போட்டவர் முஹம்மத் பஸால். ஆட்டம் நடந்த மைதானம் அப்போது ஷேக் கமாலின் பெயரைத் தாங்கியிருந்தது. தம் பழைய கழகத்தை உருவாக்கியவரின் பெயருள்ள இடத்தில், எதிரணியின் ஆசானாக நின்று பக்கீர் அலி வெற்றி கண்டார்.

அடுத்த மாதம் டாக்காவில் நடந்த தெற்காசியக் கிண்ணப் போட்டியில் இந்தியாவிடம் 2–0 எனத் தோற்றாலும், மாலைதீவை ஒரு கோலும் போடவிடாமல் 0–0 எனச் சமன் செய்தது இலங்கை. இரு அணிகளும் எல்லா வகையிலும் சமமாக நின்றதால் நாணயம் சுண்டப்பட்டது. அது மாலைதீவின் பக்கம் விழுந்தது. அரையிறுதிக்குப் போன மாலைதீவே இறுதியில் கிண்ணத்தையும் வென்றது! 2019இல் மக்காவ் அணியைத் தாண்டி உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் அடுத்த சுற்றுக்கு இலங்கை சென்றது. அங்கே தென் கொரியாவிடம் 8–0 என்ற தோல்வியும் காத்திருந்தது. ஏற்றமும் இறக்கமும் சேர்ந்ததே ஒரு மனிதனின் தொழில் வாழ்க்கை. இரண்டையும் தாங்கிக்கொள்ளும் பக்குவம், தடுத்துப் பழகியவருக்குச் சற்று அதிகம் போலும்.

மற்ற மூவர்

பக்கீர் அலிக்குப் பிறகு ஆபாஹனியின் பின்வரிசையில் பெரும்புகழ் பெற்றவர் மோனெம் முன்னா. 1991இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் அவரை அழைத்துச் சென்றது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அந்த இளைஞரை வங்கத்து ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்தார்கள். 1995இல் மியன்மாரில் பங்களாதேஷ் தன் முதலாவது சர்வதேசக் கிண்ணத்தை வென்றபோது அணித் தலைவர் அவரே. பின்னர் சிறுநீரகங்கள் செயலிழந்தன. உடன்பிறந்த சகோதரி தம் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். ஆயினும் 2005 பெப்ரவரி 12ஆம் திகதி, நாற்பது வயதையும் எட்டாமல் முன்னா காலமானார். ஆயிரக்கணக்கானோர் கைதட்டியிருக்கலாம், கடைசியில் உடலைப் பங்கிட்டுக் கொடுத்தது குடும்பம்தான்.

அதற்கும் வெகு காலத்துக்கு முன், 1936இல் கொல்கத்தாவைச் சேர்ந்த முஹம்மத் ஸலீம் ஸ்கொட்லாந்தின் செல்டிக் கழகத்துக்காக வெறுங்காலில் துணி சுற்றிக்கொண்டு ஆடினார். அவர் பக்கவாட்டில் ஓடும் முன்வரிசைக்காரர். ஆட்டத்தின் வசூலில் தமக்கென ஒதுக்கப்பட்ட பங்கை அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அங்கேயே தங்கும்படி கேட்டும், ஊர் நினைவு தாளாமல் இரண்டு ஆட்டங்களோடு திரும்பிவிட்டார்.

அந்த ஊர் நினைவைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. மன்னார் மண்ணின் மைந்தர் டக்சன் பியூஸ்லஸ் இலங்கைத் தேசிய அணியின் பின்வரிசைத் தூண்களில் ஒருவர். மாலைதீவின் கிளப் வெலன்சியா கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். 2022 பெப்ரவரி 26ஆம் திகதி அங்கேயே காலமானார். வயது 31. ஊரார் வரவேற்கக் காத்திருந்த பிள்ளை உடலாகத்தான் வந்து சேர்ந்தார். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் வீட்டார், "பணம் வந்ததா?" என்று கேட்பதற்கு முன் "மகன், சாப்பிட்டீங்களா? யாரோடு இருக்கிறீங்க? மனசு எப்படி?" என்று கேட்கப் பழக வேண்டும். இது ஆட்டக்காரருக்கு மட்டுமன்றி, கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

பெற்றோர் அறிய வேண்டியவை

"உங்கள் மகனை வெளிநாட்டுக் கழகத்தில் சேர்த்துவிடுகிறேன்" என்று ஒருவர் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது?

முதலாவது, வயது. ஃபீபாவின் விதிப்படி 18 வயது நிரம்பாத வீரரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றுவதற்குப் பொதுவாக அனுமதியில்லை. விதிவிலக்குகள் சிலவே. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வெளிநாட்டு ஒப்பந்தம் என்று ஒருவர் பேசினால், அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, முகவர். வீரர்களுக்காகப் பேரம் பேசும் முகவர் ஃபீபா நடத்தும் பரீட்சையில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் கேட்பது அவமரியாதை ஆகாது.

மூன்றாவது, எழுத்து. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சியும் வைத்துக்கொள்ளப் பணிக்கும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை அறிந்த சமுதாயம் நாம். ஆனால் வாய்ப் பேச்சை நம்பிக் கடவுச்சீட்டைக் கையில் கொடுத்துவிடுகிறோம். தொழில்முறை வீரரின் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். பொதுவாக அதன் உச்ச காலம் ஐந்து ஆண்டுகள். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மூன்று ஆண்டுகள். "வைத்தியப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்", "வேலை அனுமதி கிடைத்தால்தான் செல்லும்" என்ற நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் போட விதி இடம் தராது. அவற்றைக் கழகம் முன்கூட்டியே பார்த்து முடிக்க வேண்டும்.

நான்காவது, சம்பளம். இரண்டு மாதச் சம்பளத்தைக் கழகம் நியாயமின்றி நிறுத்தினால், வீரர் எழுத்து மூலம் அறிவித்து 15 நாட்கள் அவகாசம் கொடுக்கலாம். அதற்குள்ளும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அவருக்கு உரிமையுண்டு. இதை அறியாத பிள்ளைகள்தாம் அந்நிய நாட்டில் பட்டினியோடு பயிற்சிக்குப் போகிறார்கள்.

ஐந்தாவது, நம் ஊர்க் கழகங்களுக்கு உரியது. ஒப்பந்தம் முடியுமுன் ஒரு தொழில்முறை வீரர் பெருந்தொகைக்கு வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறினால், அத்தொகையில் 5 வீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். அந்தப் பங்கைக் கோர வேண்டுமானால் பிள்ளை எந்த ஆண்டில் எந்தக் கழகத்தில் பதிவாகியிருந்தான் என்ற சான்று வேண்டும். நம் ஊர்களில் பல கழகங்கள் பெயர்ப் பதிவைக்கூட ஒழுங்காக வைப்பதில்லை. பன்னிரண்டு வயதில் வந்து சேரும் பையனின் பெயரை இன்றே எழுதி, லீக்கிலும் பதிவு செய்யுங்கள். ஒரு பேனாவும் பதிவேடும் போதும்.

படிப்பையும் விட்டுவிடக் கூடாது. சாதாரண தரப் பரீட்சை முடியாமல் பந்தின் பின்னே ஓடும் பிள்ளைக்கு, முழங்கால் ஒருநாள் கைவிட்டால் வேறு வாசல் இல்லை. மொழி தெரிந்தவன் ஒப்பந்தத்தைத் தானே வாசிப்பான். கணக்குத் தெரிந்தவன் ஏமாற மாட்டான். கற்றுத்தரத் தெரிந்தவன் நாளைக்குப் பயிற்றுவிப்பாளர் ஆவான். பக்கீர் அலிக்கு டாக்காவின் வாசல் இரண்டாவது முறையும் திறந்தது, ஆட்டத்தை ஆடியதோடு நில்லாமல் பிறருக்குச் சொல்லித்தரவும் அவர் அறிந்திருந்ததால்தான்.

ஆகவே பெற்றோரே, மாலையில் புழுதியோடு வீடு திரும்பும் மகன் "உம்மா, இன்றைக்கு நான் கோல் போடவில்லை; பின்னால்தான் நின்றேன்" என்று முகம் வாடிச் சொன்னால், "எத்தனை கோலைத் தடுத்தீங்க மகன்?" என்று கேளுங்கள். அந்தக் கணக்கை வைத்திருக்க அவனுக்கு யாராவது ஒருவர் வேண்டும்.