உப்பங்கழிப் பச்சைக்களியும் வயலின் சாம்பல் சத்தும்

திருக்கடையூரிலிருந்து கிழக்கே கடல்வரை பரந்துள்ள தாழ்ந்த நிலங்களில் கிணறோ குட்டையோ வெட்டுவோர், பழுப்பு வண்டலைக் கடந்து சில அடி இறங்கியதும் நீலமும் பச்சையும் கலந்த களியைக் காண்பதுண்டு. சிலர் அதனைச் சத்துள்ள மண்ணென எண்ணி வயலிற் கொட்ட விரும்புவர். வேறு சிலர் அது பயிரைக் கருக்கிவிடும் என்று அஞ்சுவர். களியின் பச்சை நிறம் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்தாலன்றி இவ்வழக்கைத் தீர்க்க இயலாது.

களிமண்ணின் துகள் ஒவ்வொன்றும் ஓலைச்சுவடியைப் போன்றது. மெல்லிய தகடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஸ்மெக்டைட் என்னும் களியில் இத்தகடுகள் நெகிழ்ந்து நிற்பதால், நீர் புகுந்தால் களி வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். தகட்டினுள் சிறிது இரும்பும் உண்டு. நீர் தேங்கிப் பிராணவாயு அற்றுப்போகுங்கால், மட்கும் பொருளை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் அவ்விரும்பைத் துருநிலையிலிருந்து பச்சைச் சாயல் தரும் நிலைக்கு மாற்றுகின்றன. அப்போது தகட்டின் மின்னேற்றம் மிகுந்து, பக்கத்திலுள்ள பொட்டாசியத்தை இழுத்துக்கொள்ளுகிறது. பிறகு களி உலர்ந்து தகடுகள் நெருங்கும்போது, இடையில் அகப்பட்ட பொட்டாசியம் எளிதில் வெளிவராது. நனைதலும் உலர்தலும் பன்னெடுங்காலம் மாறிமாறி நிகழுமாயின், நெகிழ்ந்த களி இறுகி, இரும்பும் சாம்பல் சத்தும் செறிந்த பச்சைக் கனிமமாகிறது.

இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த ஒயிட் தீவில், ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் காயல்களும் ஆழமற்ற ஏரிகளும் இருந்த இடத்துப் படிவுகளில் இம்மாற்றம் கண்டறியப்பட்டுள்ளது. இதற்கு இனமான கிளாக்கோனைட் என்பது, வண்டல் மிக மெதுவாகப் படியும் கடலடியில் உண்டாவது. அதற்கு நாம் கடல் கடந்து செல்லவேண்டுவதில்லை. திருக்கடையூருக்கு மேற்கே நேர்க்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரையொட்டிய களிப்பாறைகளில் அது உள்ளது. ஏறத்தாழ பத்துக்கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் கடலாயிருந்தது.

இனி நம் வயலுக்கு வருவோம். மேட்டூர் நீர் வந்து சேறு கலக்கிய சில நாட்களில் பிராணவாயு தீர்ந்து, மண் சாம்பல் நிறமும் நீலச்சாயலும் கொள்ளுகிறது. அந்நிலையில் கரைந்து வரும் இரும்பு, களியின் மேற்பரப்பில் ஒட்டியிருந்த பொட்டாசியத்தை நீரில் தள்ளுகிறது. பயிர் அதனை உண்கிறது. அறுவடைக்குப்பின் நிலம் வெடிக்க உலரும்போது, எஞ்சியதில் ஒரு பங்கு தகடுகளுக்கிடையே சிறைப்படக்கூடும். காயலில் நெடுங்காலம் நடந்த காரியத்தின் தொடக்கத்தையே உழவர் ஆண்டுதோறும் தம் வயலிற் காண்கின்றனர். கருங்களி நிலத்தில் சாம்பல் சத்து உரத்தை ஒரே தவணையிற் கொட்டாமல் பகிர்ந்து இடுவது இதனாலேயே நன்று. நெற்பயிர் எடுக்கும் இச்சத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் வைக்கோலில் தங்குகிறது. ஆகையால் வைக்கோலை முழுதும் விற்பவர் நிலத்தின் சாம்பல் சத்தையே விற்கிறார் என்று கொள்ளலாம். (மாட்டுக்கு இட்டு எருவாகத் திருப்புவோருக்கு இக்குறை பொருந்தாது.)

அப்படியாயின் பச்சைக்களியே உரமாகாதா? அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 19-ஆம் நூற்றாண்டில் கிளாக்கோனைட் மணலை வண்டி வண்டியாக வயலுக்கு இட்டனர். ஆயினும் அம்மணலில் சாம்பல் சத்து நூற்றுக்கு ஆறு பங்கு என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ மூட்டைப் பொட்டாஷ் உரத்திலுள்ள 30 கிலோ சத்துக்கு 500 கிலோ மணல் வேண்டும். அதுவும் ஒரு போகத்திற்குள் முழுதும் பயிருக்குக் கிட்டாது.

மேலும், நம் கடலோரக் குழிகளில் வெட்டியெடுக்கும் பச்சைக்களி பெரும்பாலும் இக்கனிமமே அன்று. காற்றுப்படாத இரும்பின் நிறமே ஆகும். ஒரு கட்டியைப் பிளந்து நிழலில் வைத்துப் பார்க்கலாம். ஓரிரு நாட்களில் பழுப்பேறினால் அது வெறும் நீர்தேங்கிய களி. நன்றாக உலர்ந்த பின்னும் பச்சை மாறாதிருந்தால் மட்டுமே கனிமம் என ஐயுறலாம்.

அஞ்சத்தக்கது வேறொன்று. அழுகிய முட்டை நாற்றமுள்ள கருநீலக் களியில், பழைய உப்பங்கழிச் சேற்றில் உண்டான கந்தக இரும்பு இருக்கக்கூடும். வெளியே பரப்பினால் அது காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாக மாறும். கேரளத்துக் குட்டநாட்டின் கரிநிலங்கள் இத்தகைய புளிப்பினால் துன்புறுபவை. இவ்வகைக் களியை ஈரம் காயாமல் சில வாரம் தனியே வைத்துப் பார்க்கவேண்டும். வெளிறிய மஞ்சட் கீற்றுகள் தோன்றினால், அதனை வயலிற் சேர்க்கலாகாது. கரையோரத்தில் குவிப்பினும் மழைநீர் அதனைக் கழுவி வயலுக்குள் கொண்டுவரும். ஐயமிருப்பின் எடுத்தபோதும் சில வாரம் கழித்தும் இரண்டு மாதிரிகளை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிக் கார அமில நிலையை ஒப்பிடுதல் வேண்டும். குளங்களில் வண்டல் எடுக்கும் பணியை மேற்பார்க்கும் கிராம நிர்வாக அலுவலர்கள், பழுப்பு வண்டல் முடிந்து நீலக்களி தொடங்கும் ஆழத்தை முதற்குழியிலேயே அளந்து குறித்து, வண்டியோட்டிகளுக்கும் இயந்திரம் இயக்குவோருக்கும் அவ்வளவைத் தெரிவித்துவிடுவது நலம்.