கேலி எது, விளையாட்டு எது? பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்போம்

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் “இன்னைக்கு யாராவது உன்னைக் கேலி பண்ணாங்களா?” என்று கேட்கிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளை “இல்லை” என்று சொல்லிவிடலாம். அது பொய் அல்ல. நடந்தது கேலி என்பதே பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

சொன்ன சொல்லை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது ஆட்டிசம் உள்ள பலரிடம் காணப்படும் தன்மை. “நீதான்டா எங்க ஹீரோ, சார் மேசை மேல ஏறி ஆடு” என்றால், புகழ்கிறார்கள் என்று நம்பி ஏறி ஆடிவிடும். வகுப்பே சிரிக்கும், தண்டனை நம் பிள்ளைக்கு. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையின் நிலை வேறு. கேலி உடனே புரியும், ஆனால் யோசிப்பதற்குள் கை நீண்டுவிடும். சீண்டியவன் அமைதியாக உட்கார்ந்திருக்க, அடித்தவன் மாட்டிக்கொள்வான். டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கோ, எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கும் நேரம்தான் வேதனை. மதரஸாவில் ஓதும்போதும் அப்படித்தான்.

திருந்த வேண்டியவர்கள் சீண்டுகிறவர்கள்தான், சந்தேகமில்லை. அவர்கள் திருந்தும்வரை நம் பிள்ளை என்ன செய்வது?

முதலில் நம் கேள்வியை மாற்றுவோம். “சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல யார் இருந்தா? வேன்ல எங்க உட்கார்ந்தே? யார் சிரிச்சாங்க? அப்போ உனக்கும் சிரிப்பு வந்துச்சா?” இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். விளையாட்டு என்றால் இரண்டு பேரும் சிரிப்பார்கள், ஒருவர் “நிறுத்து” என்றால் நின்றுவிடும். கேலியில் ஒரு பக்கம்தான் சிரிப்பு, நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. இப்படித் தெளிவாக, விதிபோலச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். இன்னொரு விதி: நண்பன் என்று சொல்லிக்கொண்டு காசு கேட்டாலோ, “வீட்டுல சொல்லாதே” என்றாலோ அன்றே வீட்டில் சொல்ல வேண்டும்.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கோள் சொல்வது பாவம் என்று மதரஸாவில் படித்த பிள்ளை, அதையும் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிடும். நாமும் “சபூர் செய்” என்கிறோம். அடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. ஒருவரை மாட்டிவிடச் சொல்வது கோள். தன்னையோ இன்னொரு பிள்ளையையோ காப்பாற்றச் சொல்வது கோள் ஆகாது. இதை ஹஜ்ரத் தம் வாயால் சொன்னால் பிள்ளை மனதில் நிற்கும். ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் சூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுப்பதை, மற்ற பிள்ளைகளுக்கும் அப்போதே நினைவுபடுத்தலாம்.

அடுத்தது பழக்கம். “எனக்கு இது பிடிக்கல, நிறுத்து” என்ற ஒரே வாக்கியம். சொன்னதும் திரும்பி, முன்பே முடிவு செய்த இடத்துக்கு நடக்க வேண்டும்: நூலகம், ஆசிரியர் அறை, எதுவானாலும் சரி. மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம் வீட்டில் நடித்துப் பார்க்கலாம். வாப்பா சீண்டுகிறவர், உம்மா டீச்சர். நிஜமாகவே புண்படுத்திய பட்டப்பெயரை மட்டும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ‘சோஷியல் ஸ்டோரி’ முறையும் உதவும். பிள்ளையே பேசுவதுபோல நான்கைந்து வரி எழுதி, படம் வரைந்து, தினமும் வாசித்துக் காட்டுவதுதான் அது. உதாரணமாக: “வேனில் சிலர் என் பையைப் பிடுங்கலாம். எனக்குக் கோபம் வரும். பையைக் கொடு என்று ஒரு முறை சொல்வேன். கொடுக்காவிட்டால் டிரைவர் மாமாவிடம் சொல்வேன். அவர் எனக்கு உதவுவார்.” டிரைவரிடமும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும்.

கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே என்று அதட்டிப் பழக்குவதைச் சிலர் சமூகத் திறன் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள் முழுக்க வேறொருவர்போல நடித்த பிள்ளை, களைத்து வந்து வீட்டில் வெடித்து அழும். அதைவிட, ஒரே ஒரு நல்ல தோழன் போதும். பஸ் நம்பரோ கேரமோ, பிள்ளைக்குப் பிடித்த ஒன்றில் ஆர்வமுள்ள தெருப் பிள்ளையையோ மாமி மகனையோ வாரம் ஒரு முறை வீட்டுக்கு அழையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். அவர்களிடையே சீண்டல் பல நேரம் அடியாக வராது, சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்குவதாக வரும், வெளியே தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் தொடர்ந்தால் தேதி, இடம், நடந்தது என்ன என்று குறித்து, தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் ஏற்றிருக்கிறது. ஆசிரியரே மனம் நோகப் பேசினால், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. அவசரம் என்றால் 1098. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், பிள்ளையே பேசலாம்.