குர்லாவில் அடிபடும் சாரைப்பாம்பு: சட்டத்தில் புலிக்குச் சமம்

புது தில்லி: மும்பையின் குர்லாவில், மித்தி ஆற்றை ஒட்டிய குடியிருப்புகளில் மழைக்காலத்தில் பாம்பு தென்பட்டால் முதலில் தேடப்படுவது தடிதான். அவ்வாறு அடிபட்டுச் சாகும் பாம்புகளில் நஞ்சே இல்லாத சாரையும் உண்டு. அந்தச் சாரைக்கு 2023 ஏப்ரல் 1 முதல் புலி, யானை ஆகியவற்றுக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

1972-ஆம் ஆண்டின் வனஉயிரின பாதுகாப்புச் சட்டத்தில் சாரை முன்பு 2-ஆம் அட்டவணையில் இருந்தது. இச்சட்டத்துக்கான திருத்த மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டு, ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்றது. பல உயிரினங்கள் அட்டவணைகளில் விடுபட்டிருப்பதாகவும், சில தவறான இடத்தில் சேர்க்கப்பட்டிருப்பதாகவும் அக்குழு சுட்டிக்காட்டியது. 2022 ஆகஸ்ட் 2-ஆம் தேதி மக்களவையிலும், டிசம்பர் 8-ஆம் தேதி மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியது. வளர்ப்பு யானைகளைக் கொண்டுசெல்ல அனுமதிக்கும் பிரிவே விவாதத்தில் அதிகக் கவனம் பெற்றது. ஆறு அட்டவணைகள் நான்காகக் குறைக்கப்பட்டபோது, சாரை சந்தடியின்றி முதல் அட்டவணைக்கு உயர்ந்தது.

இதன் விளைவு சாதாரணமானதல்ல. முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. குறைந்தபட்ச அபராதம் ரூ.10 ஆயிரத்திலிருந்து ரூ.25 ஆயிரமாக உயர்த்தப்பட்டுள்ளது. சட்டத்தின் பார்வையில், உரிய அனுமதியின்றிப் பிடிப்பதும் வேட்டையே. தற்காப்புக்காக நல்லெண்ணத்துடன் கொல்வது குற்றமாகாது என்று 11-ஆவது பிரிவு கூறினாலும், கடித்தாலும் உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு பாம்பின் விஷயத்தில் அந்தப் பிரிவு எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பது கேள்விக்குரியதே.

மராத்தியில் 'தாமண்' எனப்படும் சாரை, இந்தியாவின் பெரும்பகுதியில் காணப்படும் பாம்பு. சாதாரணமாக ஐந்து, ஆறு அடி நீளம் இருக்கும். பத்து அடியைத் தாண்டியவையும் பதிவாகியுள்ளன. பகலில் நடமாடும்; மிக வேகமாக ஓடும்; மரமும் ஏறும். பகலில் கண்ணில் படுவதும் நீளமாக இருப்பதுமே அதற்கு வினையாகிறது. மிரண்டுவிட்டால் கழுத்தை உப்பச் செய்து, உறுமல் போன்ற ஒலியை எழுப்பும். இதைப் பார்ப்பவர்கள் நல்ல பாம்பு என்று முடிவு கட்டிவிடுகின்றனர். ஆனால், சாரைக்குப் படம் கிடையாது. பெரிய கண்களும், உதட்டுச் செதில்களின் ஓரத்தில் காணப்படும் கருங்கோடுகளும் அதன் அடையாளங்கள்.

எலியே அதன் முக்கிய இரை. தவளை, ஓணான், பறவை, சிறு பாம்பு என எதையும் விடுவதில்லை. நஞ்சு இல்லாததால் இரையைத் தாடைகளால் கவ்வி, உடலால் தரையோடு அழுத்தி அடக்கிவிட்டு விழுங்குகிறது. எலி வளைக்குள்ளேயே புகுந்து குட்டிகளையும் தின்பதால், உழவர்களுக்குச் செலவில்லாத காவல்காரன்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கும் குர்லாவுக்கும் குடிபெயர்ந்த தமிழர்கள் அறிந்த நம்பிக்கை ஒன்று உண்டு. சாரை ஆண், நல்ல பாம்பு பெண். இரண்டும் பிணையும் என்பதே அது. உண்மையில் இவை இரு வேறு இனங்கள். இரண்டிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இரு பாம்புகள் முறுக்கிக்கொண்டு தலையை உயர்த்தி நிற்கும் காட்சியும் பெரும்பாலும் இனச்சேர்க்கை அல்ல. இரு ஆண் சாரைகள் ஒன்றையொன்று கீழே அழுத்த முயலும் பலப்பரீட்சை அது. கடிப்பதில்லை, தோற்றது விலகிப் போய்விடும். அந்த நேரத்தில் சுற்றி நடப்பதை அவை அதிகம் கவனிப்பதில்லை. கூட்டம் கூடிக் கல்லெறிவதும் அப்போதுதான்.

சாரைக்கு மனிதரால் நேர்ந்த பெரிய கேடு அதன் தோலால் வந்தது. தமிழகத்தில் இருளர்கள் பாம்பு பிடித்துத் தோல் வணிகர்களிடம் விற்றே வாழ்ந்தனர். 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டதும் அவர்களின் பிழைப்பு முடங்கியது. 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்சு எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடும் வழியைக் காட்டியது. நஞ்சு இல்லாத சாரைக்கு அதில் வேலையில்லை. 2023-இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

குர்லாவின் நிலை வேறு. விகார், பொவாய் ஏரிகளின் உபரிநீரைச் சுமந்து வரும் மித்தி ஆறு, குர்லாவைக் கடந்து தாராவி வழியாக மாஹிம் கழிமுகத்தை அடைகிறது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியபோது பெரிதும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குர்லாவும் ஒன்று. அதன்பின் ஆறு அகலப்படுத்தப்பட்டு, கரையில் தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. வெள்ளத்தைத் தடுக்கச் சுவர் தேவைதான். ஆனால் சுவரில் வளை இல்லை. குப்பையால் எலி பெருகுகிறது, எலியைத் தேடிச் சாரை வருகிறது, தண்ணீர் ஏறும்போது இரண்டும் வீட்டுக்குள் நுழைகின்றன. வெள்ளத்துக்குப் பின் மும்பையை அச்சுறுத்தும் எலிக்காய்ச்சலைப் பரப்புவதில் எலியின் சிறுநீருக்குப் பெரும் பங்கு உண்டு.

பாம்பைக் கண்டு மக்கள் அஞ்சுவதில் தவறு காண இயலாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் உயிரிழந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்த இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைப்பதற்கான தேசிய செயல்திட்டத்தை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குமே.

சாரை கடித்தால் காயத்தைச் சோப்பு நீரால் கழுவி, தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதுமானது. நஞ்சேறியதற்கான அறிகுறி இல்லாதவருக்கு நச்சுமுறி மருந்து செலுத்தக்கூடாது என்பதே மருத்துவ நடைமுறை. குதிரையின் ரத்தத்திலிருந்து தயாரிக்கப்படும் அம்மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடும். எனினும், கடித்தது எந்தப் பாம்பு என்பதில் சிறிது ஐயம் இருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்வதே சரி. வீட்டுக்குள் நுழைந்த பாம்பை வெளியேற்ற வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தகவல் தெரிவிக்கலாம். அவர்கள் வரும்வரை தொலைவில் நின்று பாம்பின் மேல் ஒரு கண் வைத்திருந்தால் போதும். வாசல் திறந்திருந்தால் பெரும்பாலும் சாரை அதற்குள் போய்விட்டிருக்கும்.